விளங்காத கை

பழனிசாமிக்குத் தம்பி துரைராஜ் மேல் இருந்த பொறாமை ஐம்பது வருஷத்துக்கும் மேல் பழையது. கூடப் பிறந்தவன் மேல் பொறாமைப்படலாமா என்று கேட்கிறவர்களுக்குத் துரைராஜ் மாதிரி ஒரு தம்பி வாய்த்திருக்க மாட்டான்.

விஷயம் சின்னதுதான். ஈரோட்டுப் பக்கம், கோபிக்கு அருகே பஸ் ஸ்டாண்டை ஒட்டி அவர்கள் அப்பா ஒரு பெட்டிக்கடை போட்டார். மூத்தவன் கையால் முதல் போணி ஆகட்டும் என்று ஐந்து வயதுப் பழனிசாமியை முக்காலி மேல் ஏற்றி நிறுத்தினார். பையன் ஒரு கட்டு வெற்றிலையை எடுத்துக் கொடுத்தான். அந்த வருஷமே பஸ் ஸ்டாண்டை ஊருக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அப்பா கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினார். மாற்றினவர்களைத் திட்ட அவருக்குத் தைரியம் கிடையாது. வீட்டில் திட்டுவதற்கு ஆள் இருந்தான். "உன்னுது விளங்காத கைடா" என்றார்.

அடுத்த கடையைப் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே போட்டார். இந்தத் தடவை போணிக்குத் துரைராஜைத் தூக்கி நிறுத்தினார். மூன்று வயது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கழுதையை உட்கார வைத்தாலும் வியாபாரம் ஆகும். ஆனால் பேர் துரைராஜ் கைக்குப் போய்விட்டது. சின்னவன் கை ராசி, பெரியவன் கை தரித்திரம் என்று ஊர் முடிவு கட்டியது. விதைக்க, மாடு பிடிக்க, கடை திறக்க எல்லாவற்றுக்கும் துரைராஜைத்தான் கூப்பிட்டார்கள். போன இடமெல்லாம் விருந்து, துண்டு, மரியாதை. ஒரு வேலையும் செய்யாமல் உடம்பு வளர்த்தான்.

பழனிசாமி ஹைதராபாத் வந்து பாலாநகரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். ஊரை விட்டு வந்தாலும் கை கூடவே வந்ததே. புது மெஷின் இறங்கினால் முதல் ஸ்விட்சைப் போட மாட்டார், பக்கத்து மெஷின் அப்துல் காதரைக் கூப்பிடுவார். அந்தக் காதர் வேலையை விட்டுச் சனத்நகரில் சொந்தமாக ஷெட் போட்டபோது கூட்டுக்கு வா என்று கையைப் பிடித்து இழுத்தார். "நக்கோ பாய், வேணாம், என் கை பட்டா உன் ஷெட்டும் போயிரும்" என்று பழனிசாமி ஒதுங்கிக்கொண்டார். இன்றைக்குக் காதரின் ஷெட் தெருமுனை வரை நீண்டுவிட்டது. பஸ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பழனிசாமி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்த நிலையில்தான் மகள் அஸ்வினி கச்சிபௌலியில் பதினோராவது மாடியில் வீடு வாங்கினாள். அவளும் மருமகன் கணேஷ்குமாரும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. புதுமனை புகும்போது பால் காய்ச்சுகிற அடுப்பை அப்பாதான் பற்ற வைக்க வேண்டும் என்றாள். பழனிசாமி மழுப்பினார். அப்புறம் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் துரைராஜுக்கு போன் போட்டு வரச் சொல்லிவிட்டார். அவனைக் கூப்பிடுவது வேப்பெண்ணெய் குடிப்பது போல இருந்தது. மகள் வீடு விளங்க வேண்டும் என்றால் குடித்துத்தானே ஆக வேண்டும்?

அஸ்வினிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்ப்பா, என் வீட்டுக்கு உங்க கை ஆகாதா? அப்படின்னா சித்தப்பா பேரையே வாசல்ல எழுதிக்கறேன், போங்க" என்று சொன்னவள், விசேஷம் வரைக்கும் அவரோடு பேசவில்லை.

துரைராஜ் செகந்திராபாத் ஸ்டேஷனில் பட்டுச் சட்டையும் மோதிரமுமாக இறங்கினான். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. அதில் அவன் வீட்டு எருமைப் பால். பாக்கெட் பாலைக் காய்ச்சிக் குடி போனால் உருப்படுமா என்று ஐஸ் வைத்து ஈரோட்டிலிருந்து ரயிலில் கொண்டு வந்திருந்தான். வழியில் கெட்டுப் போயிருக்காதா என்று பழனிசாமியின் மனைவி வசந்தகுமாரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"என்ற கை பட்ட பால் கெடுங்களா, அண்ணி?" என்றான்.

அதை அவளும் நம்பினாள். ஃபிரிட்ஜில் இருந்த காய்கறியை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டுத் தூக்குக்கு இடம் பண்ணினாள். ராத்திரி கொழுந்தனுக்குத் தோசை மேல் நெய்யை ஊற்றினாள். பழனிசாமி தட்டுக்கு வரும்போது கரண்டி நெய்க் கிண்ணத்துப் பக்கமே போகவில்லை. கொலஸ்ட்ரால் என்றாள்.

விடியற்காலையில் கிளம்புகிற அவசரத்தில் தூக்கைக் காரில் வைக்கும் வேலை பழனிசாமிக்கு வந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். அவர் யாரையும் நம்புகிறவர் இல்லை, பாலையும் சேர்த்து. லேசாகப் புளித்த வாடை. சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. காபிக்கு வாங்கின பாக்கெட் பால் புது வீட்டில் இருக்கிறது, மகளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டார். மூடியை இறுக்கி மூடினார். வழி நெடுக அந்தத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து வந்தார்.

சமையலறையில் சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். துரைராஜ் கிழக்கே பார்த்துக் கும்பிட்டு அடுப்பைப் பற்ற வைத்தான். பால் சூடேறியது. அது பொங்கி வழிய எல்லோரும் காத்திருந்தார்கள், பழனிசாமியைத் தவிர. கொஞ்ச நேரத்தில் பால் இரண்டாகப் பிரிந்து, தண்ணீர் ஒரு பக்கம், திப்பி ஒரு பக்கமாகக் கொதித்தது.

பழனிசாமி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். எந்த வாயிலிருந்தாவது அந்த வார்த்தை வரும், துரைராஜ் கை மேல் விழும், அதைக் கேட்டுவிட்டால் போதும், கட்டை வேகும்.

வசந்தகுமாரிதான் முதலில் வாயைத் திறந்தாள். ரயில் சூட்டில் பால் என்ன பண்ணும், பாவம் என்றாள். புது வீட்டுக் கண்ணேறு பாலோடு போயிற்று, நல்லதுதான் என்றார் சம்பந்தியம்மா. கணேஷ்குமார் பாத்திரம் சரியாகக் கழுவவில்லையோ என்று தன் தலையில் போட்டுக்கொண்டான். துரைராஜ் எருமைக்குத் தீவனம் மாற்றினதைச் சொன்னான். ரயில் மேல், கண்ணேறு மேல், பாத்திரம் மேல், எருமை மேல் எல்லாம் பழி போயிற்று. கை மேல் மட்டும் போகவில்லை. பழனிசாமிக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அந்த அடுப்பே தேவையில்லை.

அஸ்வினி பாக்கெட் பாலை வெட்டி வேறு பாத்திரத்தில் ஊற்றினாள். எல்லோரும் மறுபடி துரைராஜைத்தான் பார்த்தார்கள். அவனும் வெட்கமில்லாமல் லைட்டருக்குக் கை நீட்டினான்.

"நில்றா" என்றார் பழனிசாமி. "உன் கையில திரிஞ்சா பால் மேல தப்பு. என் கையில திரிஞ்சிருந்தா? பஸ் ஸ்டாண்டை மாத்துனது எவனோ. பேரு வாங்குனது நானு. அஞ்சு வயசுல."

துரைராஜுக்கு எந்த பஸ் ஸ்டாண்ட் என்று முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டான். வசந்தகுமாரி பக்கத்தில் வந்து, வேண்டாமுங்க, மகள் வீடு என்று காதில் சொன்னாள். அவளும் இத்தனை வருஷமாகத் தன் கை விளங்காது என்று நம்பித்தான் குடித்தனம் நடத்தியிருக்கிறாள் என்பது பழனிசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. தானே சொல்லிச் சொல்லி நம்ப வைத்ததுதானே, அவளை என்ன சொல்ல?

அஸ்வினி லைட்டரை அவர் கையில் வைத்தாள்.

முதல் தட்டலில் பற்றவில்லை. பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. விரல் வியர்த்து வழுக்கியது. இத்தோடு வைத்துவிட்டு நகர்ந்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது, பழைய நினைப்பு, காதரிடம் சொன்ன அதே நினைப்பு. லைட்டரை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி தட்டினார். நீலமாகப் பற்றியது.

பால் ஏறி வந்தபோது பழக்க தோஷத்தில் தீயைக் குறைக்கப் போனார். "விடுங்கப்பா, வழியட்டும்" என்று அஸ்வினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பால் பொங்கி, புதுக் கருங்கல் மேடை மேல் வழிந்து, அவர் பட்டு வேட்டி மேலும் சொட்டியது.

"அண்ணன் கையில பொங்கிருச்சு பாருங்க" என்று துரைராஜ் பெரிய மனசு பண்ணிச் சொன்னான்.

"கையில எங்கடா பொங்குச்சு? அடுப்புல பொங்குச்சு" என்றார் பழனிசாமி.

சம்பந்தியம்மா சிரித்துவிட்டார். துரைராஜ் சிரிக்கவில்லை. அண்ணன் கையில் ஒன்றும் இல்லை என்றால் தன் கையிலும் ஒன்றும் இல்லையே என்று கணக்குப் போட்டுவிட்டான் போல. மோதிரத்தைத் திருகிக்கொண்டே நின்றான். அதைப் பார்க்கப் பழனிசாமிக்கு இனிக்கத்தான் செய்தது. அவ்வளவு சீக்கிரம் போகிற பொறாமையா அது?

சாப்பாட்டுப் பந்தியில் துரைராஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஊருக்குப் போனதும் ஒருத்தர் போர்வெல் போட முதல் குழி தோண்டக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னான். போகலாமா வேண்டாமா என்று கேட்டான். அண்ணனிடம் அவன் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

பழனிசாமி தன் இலையிலிருந்த வடையைக் கடித்து மென்று விழுங்கினார்.

"போடா" என்றார். "தண்ணி வந்தா வருது. சோறு நல்லாப் போடுவாங்க."