போக்னா தொடாத வரிகள்

போக்னா திருத்தியது ஒரே ஒரு வரி. திரையில் மாறிப்போனதாகச் சிவப்பும் பச்சையுமாக ஓடியதோ முழுக் கோப்பு.

"மறுபடியுமா?" என்றார் இரெக்.

போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரத்து டிராம் டிக்கெட் இயந்திரங்களுக்கு நிரல் எழுதும் அந்த அலுவலகத்தில் அவர்தான் மூத்தவர். அவர் ஒப்புதல் தராமல் எந்த மாற்றமும் வெளியே போகாது. மாணவர்களிடம் முழுக் கட்டணம் பிடுங்கிக்கொண்டிருந்த பிழையைத் திருத்த போக்னாவுக்கு மாலை வரைதான் நேரம். அவளை வேலையில் நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்றும் இன்றே முடிவாகும்.

"நான் அந்த வரிகளைத் தொடவே இல்லை, இரெக்."

"அப்போ கூட்டிப் பெருக்க வர்ற அம்மா தொட்டுட்டாங்களா?"

அந்தக் கோப்பு இரெக்கின் செல்லப் பிள்ளை. கட்டண அட்டவணையைப் பத்தி பத்தியாக, கையாலேயே இடைவெளி விட்டு அடுக்கியிருந்தார். கன்ட்ரோல், ஆல்ட், எல் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், நிரல் எழுதும் எடிட்டர் மென்பொருள் எல்லா வரிகளையும் தன் இஷ்டத்துக்கு ஒழுங்குபடுத்திவிடும். அதன் பக்கமே போகக் கூடாது என்று முதல் நாளே எச்சரித்திருந்தார். போக்னாவும் போனதில்லை.

பழைய கோப்பை எடுத்து மறுபடி திருத்தினாள். திருத்தம் எதற்கென்று கோப்பின் அடியில் பிழையில்லாத போலிஷில் ஒரு வரி விளக்கம் சேர்த்தாள். அதுவும் இரெக் போட்ட விதிதான். அவர் மட்டும் ஒருநாளும் எழுதியதில்லை. அனுப்பினாள். மறுபடியும் சிவப்பு, பச்சை.

பக்கத்து மேஜை கோர்னெல், அவள் கீபோர்டில் பேய் புகுந்திருப்பதாகவும் பாதிரியாரைக் கூப்பிட்டு புனித நீர் தெளிக்கலாம் என்றும் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

இரெக் பொறுமை இழந்தார். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"நகரு. ஒரு வரி திருத்துறது எப்படின்னு காட்டறேன்."

அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து திருத்தினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் விளக்கமும் எழுத வேண்டியதாயிற்று. போக்னாவைப் போலக் கோப்பின் அடியில் எழுதாமல், உச்சியில், தன் அட்டவணைக்கு மேலேயே எழுதத் தொடங்கினார். பிழை என்பதற்கான போலிஷ் சொல்லில் குறுக்கே கோடு போட்ட எல் வரும். அதற்காக வலது ஆல்ட்டோடு எல் விசையை அழுத்தினார்.

எழுத்து விழுந்தது. அதே நொடியில் அவருடைய அட்டவணை மொத்தமும் சரிந்து இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

கோர்னெல் எட்டிப் பார்த்தான். "வலது ஆல்ட்டை இந்த எடிட்டர் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததா எடுத்துக்குது. நம்ம போலிஷ் எல் அடிச்சாலே கோப்பு காலி. அடியில இருக்கறவளுக்கு மேல நடக்கறது எப்படித் தெரியும்?"

இரெக் காப்பி குடிக்கப் போய்விட்டார். போக்னா அந்தக் குறுக்குவிசையையே எடிட்டரிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி திருத்தி அனுப்பினாள். திருத்தமும் விளக்கமும் மட்டும் பச்சையாக நின்றன. ஒப்புதல் வந்தது. மன்னிப்பு வரவில்லை.

மாலையில் மேலாளர் வந்தார். எடிட்டரில் ஒரு பெரிய கோளாறைத் தானே கண்டுபிடித்ததாகவும், போக்னாவை நிரந்தரமாக்கலாம் என்றும் இரெக் அவரிடம் சொன்னார்.

"ஆமா சார்," என்றாள் போக்னா. "இரெக்தான் கண்டுபிடிச்சார். எல்லார் முன்னாடியும், அவரோட கையாலயே."

கோர்னெலுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.