ஆம்ப்ரோஸ் நட்ட குரோக்கஸ்

ஹெஸ்டர் பிம் எங்கள் ஊர் லெட்பரியில் தொப்பிக் கடையில் வேலை பார்த்தாள். எப்போதாவது கவிதை எழுதுவாள். குரோக்கஸ் பூக்களைப் பற்றி அவள் எழுதிய ஒன்று உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. பனி விலகுமுன்பே புல்லுக்குள்ளிருந்து மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கள் எட்டிப் பார்க்கின்றன, யாரையும் கேட்காமல் வந்து நிற்கின்றன என்று முடியும்.

தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஐவர் கெல்சோ என்பவருக்கு அது பிடித்துப்போய், பியானோவோடு ஒருவர் பாடும்படி மெட்டுப் போட்டார். போர் முடிந்து மூன்றாவது வருஷம் அது. நகர மன்றத்துக் கச்சேரியில் பாட, ஹெஸ்டரின் தோழியான என்னைக் கூப்பிட்டார். துள்ளல் மெட்டு. பியானோ ஓடும், குரல் அதைத் துரத்தும். கடைசி வரியில் ஜனங்கள் சிரித்தேவிட்டார்கள். இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். ஹெஸ்டர் மட்டும் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

இடைவேளையில் டீ மேசைப் பக்கம் வந்து ஐவரிடம் கேட்டாள். "மிஸ்டர் கெல்சோ, இதுல உங்களுக்கு என்ன அவ்ளோ சிரிப்பு வந்துச்சு?"

அவர் கையில் கேக்கோடு விழித்தார். "சந்தோஷமான கவிதைன்னு நெனச்சேன் மிஸ் பிம். குளிர் போகுது, பூ வருது..."

"அந்தக் குரோக்கஸ் கிழங்கெல்லாம் நட்டது என் தம்பி ஆம்ப்ரோஸ். நட்ட கையோட பட்டாளத்துக்குப் போனான். பூத்தப்போ அவன் உயிரோட இல்ல."

"கவிதையில அவரைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே?"

"எழுத வரல. அதான் பூவைப் பத்தி எழுதினேன்."

ஐவர் வாதாடவில்லை. கேக்கைக் கீழே வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த வாரம் எங்கள் இருவரையும் வீட்டுக்கு வரச் சொன்னார். மெட்டை மாற்றியிருந்தார். நடை மெதுவாகிவிட்டது, வரிக்கு வரி நடுவே பியானோ மட்டும் தனியாகக் கொஞ்சம் ஒலித்தது. நான் அதைப் பாடிக் காட்டினேன். ஹெஸ்டர் ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றாள்.

"இதுதான் சரி," என்றாள். "நான் எழுதினது இப்படித்தான்."

"அப்ப இதையே அச்சுக்கு அனுப்பிடறேன்."

"வேணாம். பழசையே அனுப்புங்க."

ஐவர் என்னைப் பார்த்தார். "ஏன் ஹெஸ்டர், அன்னிக்கு அவ்ளோ கோவப்பட்டியே," என்றேன்.

"பட்டேன் டோரா. ஆனா வீட்டுக்குப் போயும் அந்த மெட்டு மண்டையில ஓடிட்டே இருந்துச்சு. ஆம்ப்ரோஸ் அந்தக் கிழங்க வரிசையா நடல. கை நிறைய அள்ளிப் புல்லுல வீசுவான், விழுந்த எடத்துலயே குழி தோண்டுவான். ஒண்ணு என் தலைமேல விழுந்துச்சு. ரெண்டு பேரும் உக்காந்து சிரிச்சோம். அத நான் சுத்தமா மறந்திருந்தேன். மெதுவா பாடுனா அவன் செத்தது மட்டும்தான் தெரியுது."

ஐவர் புது மெட்டு எழுதிய தாளைப் பியானோவிலிருந்து எடுத்துக் கேட்டார். "இந்தத் தாளை என்ன பண்றது?"

"எனக்குக் குடுங்க."

மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். துள்ளல் மெட்டுதான் அச்சில் வந்தது. தலைப்புக்குக் கீழே, 'ஆம்ப்ரோஸ் பிம்முக்கு' என்று ஐவர் போட்டிருந்தார். இப்போது வசந்தகாலப் போட்டிகளில் பள்ளிப் பெண்கள் அதைப் பாடுகிறார்கள். ஹெஸ்டரும் கேட்க வருவாள். சில வருஷம் முழுக்க உட்கார்ந்திருப்பாள். சில வருஷம் பாதியிலேயே எழுந்து வெளியே போய், டீ நேரத்துக்குத் திரும்பி வருவாள்.