பெட்டிக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று

சட்டை தைக்கும் அந்தக் கூடத்தில் போன் கூடாது என்பது சட்டம். காலையில் வாசலில் இருக்கும் தகரப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். முப்பத்திரண்டு பெண்களும் மறக்காமல் போடுவார்கள், என்றைக்கோ செத்துப்போன போன்களை. உயிருள்ளது இடுப்பில் இருக்கும். பிடிபட்டால் ஒரு மாதத்துக்கு அது ஆபீஸ் பீரோவில்.

காலர் தைப்பவள் அன்றைக்கு மாட்டவே கூடாது. தங்கச்சியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். எந்த நிமிடமும் மெசேஜ் வரலாம். அந்த நாள் பார்த்தா அரசாங்கம் பதினோரு மணிக்கு எல்லா போனிலும் அவசர எச்சரிக்கையை ஒலிக்கவிட்டுச் சோதிக்க வேண்டும்? சைலண்டில் போட்டாலும் அலறுமாம்.

ஆனால் அவள் லேசுப்பட்டவள் இல்லை. டீ நேரத்தில் கழிவறைக்குள் கடை விரித்தாள். இரண்டிரண்டு பேராக வந்து போனை நீட்ட, செட்டிங்ஸுக்குள் புகுந்து, அவசர எச்சரிக்கை ஒளிந்திருக்கும் இடத்தைத் தேடி, ஒவ்வொன்றாக அணைத்தாள். தன் போனில் மெசேஜ்களையும் ஊமையாக்கினாள். தங்கச்சியுடையது மட்டும் அதிரட்டும் என்று விட்டாள்.

பதினோரு மணி ஆயிற்று. எந்நேரமும் சீட்டியடிப்பதால் 'விசில்' என்று பெயர் வாங்கிய சூப்பர்வைசர், மிஷின்களை நிறுத்தச் சொன்னார். பெட்டியைத் தூக்கிவந்து நடு மேஜையில் வைத்தார். "இப்ப இது கத்தும். யாரும் பயப்படாதீங்க" என்றார்.

தெருவில் அலறியது. எதிர்க்கடையில் அலறியது. ஆபீஸுக்குள் அலறியது. வாசல் காவலாளியின் சட்டைப்பையில் அலறியது. கூடத்தில் மட்டும் ஈ பறந்தால் கேட்கும். காலர்க்காரிக்குப் பெருமை பிடிபடவில்லை. விசில் பெட்டியையே முறைத்துக்கொண்டிருப்பதைக் கண்ட பிறகுதான் உறைத்தது. கத்த வேண்டியதும் கத்தவில்லை.

"சைலண்ட்ல இருக்கும் சார்" என்றாள்.

"அதுலயும் கத்தும்மா."

பெட்டியைத் திறந்தார். ஒன்றுக்கு பேட்டரி இல்லை. ஒன்றுக்கு முதுகே இல்லை. மூன்றாவதை அமுக்கினார். அது குழந்தைகளின் விளையாட்டு போன், "ஹலோ பாப்பா" என்றது. யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க அவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்துக் காலர்க்காரியின் இடுப்பு அதிர்ந்தது. மிஷின் ஓடாத கூடத்தில் அது எல்லார் காதிலும் விழுந்தது.

"எடும்மா" என்றார் விசில்.

எடுத்தாள். கொடுப்பதற்கு முன் படித்துவிட்டாள். 'பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்.' சந்தோஷத்தில் பயம்கூடப் பறந்துவிட்டது. "எச்சரிக்கையை அணைச்சேன் சார். தங்கச்சியை அணைக்க மனசு வரலை."

"எல்லார் போனையும் நீதான் பண்ணியா?"

"நான்தான் சார்."

விசில் ஆபீஸ் கதவைத் திரும்பிப் பார்த்தார். பெட்டியை மூடினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் போன் உள்ள இருக்கு. முதலாளி அனுப்பற மெசேஜ் மட்டும் சத்தம் வராம வைக்க முடியுமா?"

"வைக்கலாம் சார்" என்றாள் அவள், போனைக் கொடுக்காமல். "தங்கச்சிக்கு ஒரு பதில் போட்டுட்டு வந்துடறேன்."