ஆலாத்திக்கு இரண்டு பேர் வேண்டும்

என் பெயர் ஞானாம்பிகை. கியூபெக்கில், டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சனம் சொல்லும். சொல்லட்டும், பொய்யில்லை. அந்த வாயால்தான் மூன்று வருடமாக என் மகன் மதுஷன் வீட்டுக்கு வரவில்லை.

நிர்மலன் என்ற பெடியனைத்தான் கலியாணம் முடிக்கப் போகிறேன் என்று அவன் சொன்ன அன்று, என் மனுசன் பேரின்பநாதன் கேட்ட முதற் கேள்வி எந்த ஊர் என்பதுதான். மட்டக்களப்பு, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் என்றதும் மனுசன் தலையில் கைவைத்தார். பெடியன் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது. நான் அதைவிட மோசம். வருவதென்றால் தனியே வா என்றேன். அவன் வரவே இல்லை. இரண்டு பேரும் கையெழுத்து வைத்து எழுத்துக் கலியாணம் முடித்த அன்று நான் வேலைக்குப் போய்ச் சோற்றுத் தட்டு அடுக்கினேன்.

ரோசத்தை எத்தனை நாளைக்குத் தின்பது? இரண்டு தரம் போன் எடுத்தேன். குரலைக் கேட்டதும் கோபம் வந்து ஏதோ சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது, ஆலாத்தி எடுக்க வரும். பிள்ளை கலியாணம் முடித்து வந்தால் வாசலில் ஆலாத்தி எடுத்துத்தான் உள்ளே கூப்பிடுவோம். ஆவணியில் ரெனே-லெவெக் வீதியில் மதுஷனைப் போன்றவர்கள் கூடி நடத்தும் பிரைட் ஊர்வலத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் பதாகை பிடித்து நடக்கிறார்கள், அண்ணாவும் நிர்மலனும் அதில் இருக்கிறார்கள் என்று என் தங்கை மகள் லக்சனா சொன்னாள். சரி, அவர்கள் வாசலுக்கு வராவிட்டால் தட்டு அவர்களிடம் போகட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

ஆலாத்திக்குக் கலியாணம் முடித்த பெண்கள் இரண்டு பேர் வேண்டும். சிநேகிதி சிவாஜினி வருவதாகச் சத்தியம் பண்ணியிருந்தாள். பத்து மணிக்கு முழங்கால் நோ என்று மெசேச் போட்டாள். நோ முழங்காலிலோ வேறெங்கோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். லக்சனாவுக்கு இன்னும் கலியாணமாகவில்லை. மனுசன் காரைவிட்டு இறங்கமாட்டேன் என்றார். இறங்கியும் என்ன பயன்?

வீதியோரம் அப்படியொரு சனம், தேர்த் திருவிழா தோற்றுவிடும். மேளம், ஆட்டம், வானவில் குடைகள். முகமெல்லாம் மினுக்கம் பூசிய தாடிக்காரன் ஒருவன் என் சேலையைப் பார்த்துக் கும்பிட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படபடப்போடு வந்தவள் காலால் தாளம் போட்டுக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் கதிரை போட்டு இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள் இருந்தார்கள். வாழைப்பழத் துண்டுகளில் திரி குத்திய என் தட்டைப் பார்த்து என்னவென்று கேட்க, லக்சனா பிரெஞ்சில் விளக்கினாள். ஒருத்தி தன் கதையைச் சொன்னாள். எழுபத்தேழில், ஆணை விரும்பும் ஆண்கள் கூடும் ஒரு பாருக்குள் பொலிஸ் புகுந்து அவர்களை அள்ளிக்கொண்டு போனதாம். அடுத்த நாள் இரண்டாயிரம் பேர் தெருவை மறித்தார்களாம், அதில் இவளும் நின்றாளாம். அந்த வருடம் முடிவதற்குள், இப்படியானவர்களை ஒதுக்கக்கூடாதென்று கியூபெக்கில் சட்டமே மாறியதாம். அதே எழுபத்தேழில்தான் நாங்கள் கொழும்புக் கலவரத்தில் அடிவாங்கிக் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தோம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பட்டவளுக்குப் பட்டவளைத் தெரியாதா? அவளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் கலியாணம் முடித்தவளா என்று லக்சனாவைக் கேட்கச் சொன்னேன்.

"ஓம் பெரியம்மா. இப்பிடிக் கலியாணம் முடிக்கலாமெண்டு சட்டம் வந்த வருசமே முடிச்சவையாம். இருபது வருசத்துக்கு மேல. பக்கத்தில இருக்கிறவதான் மனுசி."

ஒரு கணம் யோசித்தேன். ஒரேயொரு கணம்.

"அப்ப சுமங்கலிதானே. எழும்பச் சொல்லு."

தமிழ்ப் பதாகை வந்தது. வேட்டியோடு மதுஷன், பக்கத்தில் நிர்மலன். என்னைக் கண்டதும் மகனின் முகம் சுருங்கிவிட்டது. சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான், பாவம். நான் வீதிக்கு இறங்கித் திரியைக் கொளுத்தினேன். நெருப்புக் கூடாதென்று தொண்டன் ஒருவன் ஓடிவந்தான். கிழவி பிரெஞ்சில் ஏசிய ஏச்சில் வந்த வழியே போனான். தட்டின் ஒரு பக்கத்தை நானும் மறுபக்கத்தை அவளுமாகப் பிடித்தோம். அவள் எதிர்ப்பக்கமாகச் சுற்றப் பார்த்தாள், முழங்கையால் இடித்துத் திருத்தினேன். மூன்று சுற்று. இரண்டு பேருக்கும் பொட்டு வைத்தேன்.

மதுஷன் மெல்லக் கேட்டான். "அம்மா, ஆலாத்தி எடுத்தா உள்ள கூப்பிடவேணும். தெரியும்தானே?"

"தெரியாமலோ எடுத்தனான்? என்னிலதான் பிழை தம்பி. ரெண்டு பேரும் வீட்ட வாங்கோ."

அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக அப்படிச் சொன்னேன். அவன் நிர்மலனைப் பார்த்தான். இனி முடிவு அந்தப் பிள்ளையின் கையில். வேண்டாம் என்று சொன்னாலும் அது நியாயம்தான்.

"மாமி," என்றான் நிர்மலன், "ஒவ்வொரு ஞாயிறும் இவர் லாசாலில உங்கட வீட்டுப் பக்கம் கார் ஓட்டுவார். உங்கட வாசலில கொஞ்ச நேரம் நிப்பாட்டிப்போட்டுத் திரும்பி வருவம். இண்டைக்கு உள்ள வாறம்."

நான் நடுவீதியில் நின்று வாய்விட்டு அழுதேன். ஊர்வலத்தில் அதுவும் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்துச் சனமெல்லாம் கைதட்டியது.