ஆறு அங்குலம்

தகரப் பட்டறையில் வட்டம் வெட்டும் மெஷின் தன் வட்டத்தை முடித்த அதே நொடியில், அதை ஓட்டுகிறவரின் வீட்டில் அதே அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. முதலில் விழுந்தது மூன்று அங்குலம், சமையலறைக் கதவில். எலியின் வேலை என்று நினைத்த மனைவி, விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு எலியை விடுவித்தாள். அளவு மாற்றி வெட்டும் முதல் வட்டத்துக்கு மட்டும்தான் இப்படி. மீதி வட்டங்கள் சாதுவாக இருந்தன. பீரோவில் ஒன்பது, சுவரில் ஐந்து என்று போய், ஒரு நாள் மகள் எழுந்து போன தலையணையின் நடுவே ஏழு அங்குலம் விழுந்தது. தலையணை இன்னும் சூடாக இருந்தது.

அவர் முதலாளியிடம் சொன்னார். "மெஷினுக்கு உன் வீட்டு அட்ரஸ் தெரியுமாய்யா?" என்றார் முதலாளி. வேலையை விட்டுப் பார்த்தார். வேறொருவர் கைப்பிடியைச் சுற்றினார். அப்போதும் இவர் வீட்டில் ஓட்டைகள் நிற்கவில்லை, எப்போது விழும் என்று தெரியாமல் போனதுதான் மிச்சம். பத்தாம் நாள் அவரே போய் வேலையைத் திரும்பக் கேட்டு வாங்கினார். அதன் பிறகு தகட்டை நடுவில் கவ்வவிட்டு, அளவு வைத்து, வீட்டுக்குப் போன் செய்து சொன்ன பிறகே பிளேடை இறக்கினார். மனைவி மகளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடுவாள். "இன்னிக்கு எத்தனை இன்ச்?" என்று எதிர்வீட்டுக்காரர் விசாரிப்பார். இரண்டு வருடம் அவள் உட்கார்ந்தபடியே தூங்கினாள், ஒரு கையை மகள்மேல் வைத்துக்கொண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் போன் செய்தபோது அவள் பஸ் ஸ்டாப்பில் இருந்தாள்.

"ஆறு இன்ச். பாப்பா எங்க?"

"ஸ்கூல்ல. நானும் வெளியதான் இருக்கேன். பயப்படாம வெட்டுங்க."

அவர் வெட்டினார். பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நின்றவர் அவளைப் பார்த்து, "அம்மா, உங்க..." என்று ஆரம்பித்து, விரலால் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். நெஞ்சுக்குக் கீழே, புடவையோடு சேர்த்து, சுத்தமான வட்டம். அதன் வழியாகப் பின்னால் வந்து நின்ற பஸ்ஸின் சக்கரம் தெரிந்தது.

அவள் பஸ் ஏறவில்லை. பட்டறைக்கே நடந்து போனாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து அவள் முன் நின்றார்.

"வலிக்குதா?"

"இல்லங்க. காத்து போகுது."

டாக்டர் ரத்தம் எடுத்தார், படம் எடுத்தார். இருக்க வேண்டியதெல்லாம் வேலை செய்கிறது, அந்த இடத்தில்தான் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். தையல்காரர் ரவிக்கையின் அடிப்பக்கத்தில் வட்டமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துத் தந்தார். அன்று அவள் படுக்கையில் காலை நீட்டிப் படுத்து, மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து விழித்திருந்தார்.

பன்னிரண்டு அங்குல ஆர்டர் வந்தபோது அவர் போனை எடுத்தார். "ஓடி என்ன ஆச்சு, சும்மா வெட்டுங்க" என்றாள் அவள். அது கூரையில் விழுந்தது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அம்மா டிவியை மறைத்துக்கொண்டு துணி மடித்தால், நகரச் சொல்வதில்லை. கொஞ்சம் குனிந்து, அவள் வழியாகவே பார்த்துக்கொள்கிறாள்.