மறதி: எத்தனை நாள்?

1

ஒட்டுக்கேட்டதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புதுச்சேரி சாரம் பகுதியில் எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மாடி அறையில், வீடியோ கேம் உருவாக்கும் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மீன்காரம்மாவே மூணு நாள்ல மறந்துடுது. இந்தப் பொண்ணு மட்டும் ஏன் மறக்க மாட்டேங்குது?"

"மறக்காது. அப்படித்தான் எழுதியிருக்கேன்."

காதில் விழுந்தது இவ்வளவுதான். பெயர்கள் உட்பட மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

கடற்கரைச் சாலையில் மாலை வெயில் பொன்னாய் உருக, ஹேமலதாவின் கூந்தல்—

(வேண்டாம். என் எல்லா நாவல்களிலும் இதே வெயில்தான் அடிக்கிறது.)

ஹேமலதா ஓர் ஊரையே செய்துகொண்டிருந்தாள். அவளுடைய விளையாட்டுக்கு முடிவு கிடையாது. மீன் திருடலாம், படகு தள்ள உதவலாம். எதைச் செய்தாலும் ஊர் பேசும். பிறகு நல்ல பேரோ கெட்ட பேரோ, நாளாக ஆக மங்கிவிடும். யாருக்கு எத்தனை நாளில் மறக்கும் என்று அவள்தான் எண் போடுவாள். விளையாடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது கோபிநாத்தின் வேலை. அவளைக் காதலிப்பதும்தான்.

3

ஆடி மாதம், வீராம்பட்டினம் தேர்.

"காலைல பத்து மணிக்கு வந்துடு. அப்பா அம்மாகிட்ட பேசிடலாம்."

"வந்துடறேன்" என்றான். வரவில்லை.

(விபத்து, காய்ச்சல், பழைய காதலி. மூன்றையும் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். நடந்தது இன்னும் அசட்டுத்தனமானது.)

அன்று காலை அவன் விளையாட்டில் மீன் திருடி மாட்டிக்கொண்டான். மீன்காரம்மாவிடம் நல்ல பேர் வாங்கிவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தான். அவள் "வாய்யா ராசா" என்று சிரித்தபோது மணி இரண்டு. ஹேமலதாவின் அப்பா தேரையே பார்க்கவில்லையாம். வருகிற ஆம்பளைப் பசங்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

4

அடுத்த வாரம் விளையாட்டுக்குள் புதிதாக ஒரு பெண் வந்தாள். தேர் வடத்தருகே நின்று "பத்து மணிக்கு வா" என்பாள். போகாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கோபிநாத் போகாமல் சோதித்துப் பார்த்தான். (இவனுக்குக் கொஞ்சம் அறிவைக் கூட்டலாமா? கூட்டினால் கதையே இல்லை.) அப்புறம் பூ கொடுத்தான், வஞ்சிரம் கொடுத்தான், விளையாட்டுக்குள் நூறு நாள் ஓட்டினான். ம்ஹும்.

நான் ஈரத்துணியோடு நின்ற இடத்துக்கு வந்துவிட்டோம்.

"மன்னிப்பு கேக்கலாம்னா ஒரு பட்டன்கூட இல்லயே ஹேமா!"

"இல்லதான்."

"அப்போ இன்னா பண்றது?"

"லூசு, எதிர்ல ஒருத்தி உக்காந்திருக்கேன்ல?"

5

ஹெட்போனைக் கழற்றினான்.

"தப்புதான். மீன்காரம்மா மூஞ்சி பெருசாப் பூடுச்சு எனக்கு. இப்பவே உங்க வீட்டுக்கு வரேன். அப்பா எவ்ளோ திட்டினாலும் கேட்டுக்கறேன்."

"தேர் அன்னிக்கிலேர்ந்து மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காரு" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, திரையில் அந்த விளையாட்டுப் பெண்ணின் பக்கத்தைத் திறந்தாள். மறதி: கிடையாது. 'கிடையாது' என்பதை அழித்தாள். காலிக் கட்டத்தில் கோடு துடித்தது.

பழக்கதோஷம், நான் ஓடிப்போய் 'ஒரு நாள்' என்று போட்டு, நாதஸ்வரத்துக்கும் சொல்லிவிட்டேன். அழித்துவிட்டாள். 'அரை நாள்' என்று அடிக்கப் போன கோபிநாத்தின் கையில் ஒரு அடி விழுந்தது.

"அப்பாவைப் பாத்துட்டு வந்து போடறேன்" என்று வண்டிச் சாவியை எடுத்தாள்.

இருவரும் படியிறங்கிவிட்டார்கள். திரை அணைக்கப்படவில்லை. இந்த வயதில் என்னால் மாடிச் சுவர் ஏறிக் குதிக்க முடியாது. நீங்கள் போகலாம்.

மறதி: ____ நாள்.

யாரும் பார்க்கவில்லை, போடுங்கள். ஆனால் பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லி உங்களைக் காக்கவைத்தவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டு போடுங்கள்.