பதினாறு பெட்டி

முடிவு மதியம் இரண்டு மணிக்கு. காலை பதினொன்றுக்குக் கெருபோவின் திரையில் சிவப்பு ஏறிக் கிடந்தது.

ஒரு சிப்புக்குள் இருக்கும் பதினாறு பிராசசர்களுக்கு நடுவே செய்திகள் போய்வர வழி போடுவதுதான் நைரோபியின் அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை. தொழிற்சாலைக்கு அனுப்பும் முன் கணினியிலேயே போலியாக ஓட்டிப் பார்ப்பார்கள். டாக்டர் வாஞ்சாலா தலையசைத்தால் அவளுடைய வழி தொழிற்சாலைக்குப் போகும். இல்லையென்றால் இரண்டு வருட உழைப்பு குப்பைக்கு. சோதனையிலோ நூற்றுக்குப் பத்துப் பங்கு சுமைக்கே அது அடைத்துக்கொண்டது.

"பத்துலயே மூச்சு முட்டுதா?" பக்கத்து மேசை முத்திசோ எட்டிப் பார்த்தான். "வா, வா. நம்ம சங்கத்துல இடம் காலியாத்தான் இருக்கு."

போன வருடம் அவன் போட்ட வழியும் இப்படித்தான் அடைத்துக்கொண்டது. கழித்துக் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து கூடத்தில் அவனுக்கு ஜாம் என்று பெயர். வைத்தவள் கெருபோ.

"என் வழி அடைக்காது, ஜாம். போய் சாயா வாங்கிட்டு வா. நீ வர்றதுக்குள்ள பச்சையாக்கிடறேன்."

"சாயாவுக்குத் தொட்டுக்க மந்தாசி எத்தனை?"

"ஜெயிக்கிறவளுக்கு மூணு."

வாய்ச்சவடால் இல்லை. வழியின் ஒவ்வொரு சந்திப்பும் அவள் கையால் போட்டது. படத்தை மறுபடி உற்றுப் பார்த்தாள். சிவப்பு எங்கும் பரவியிருக்கவில்லை. எல்லாச் செய்திகளும் ஒரே மூலையில் முட்டிக்கொண்டு நின்றன. சம்பள நாள் மாலை ஊரிலுள்ள மட்டாட்டு மினிபஸ்களெல்லாம் ஒரே நிறுத்தத்தில் நுழைந்தால் சாலையைக் குறை சொல்லி என்ன பயன்?

நினைவகக் கோப்பைத் திறந்தாள். வழியை மட்டும் சோதிக்க நிஜ நினைவகம் வேண்டாம். வந்த செய்தியை வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருக்கும் பொம்மைப் பெட்டிகள் போதும். ஆனால் பதினாறு இடத்துக்கும் பதினாறு பெட்டி வேண்டும். கோப்பில் இருந்தது ஒன்று.

கூடத்தின் பழைய கணினி ஒரு நோஞ்சான். பெட்டியைக் கூட்டினால் படுத்துவிடும். அதனால் எந்தக் கோப்பைத் திறந்தாலும் அந்த எண்ணை ஒன்றாக்கிவிட்டுத்தான் அங்கே மறுவேலை. மற்ற சோதனைகளுக்கு அதனால் கொஞ்சம் தாமதம், அவ்வளவே. வழிச் சோதனைக்கு அது கழுத்தறுப்பு. மார்ச்சில் புதுக் கணினி வந்தும் அந்த ஒன்று கோப்பிலேயே குந்தியிருந்தது.

பதினாறு என்று மாற்றி ஓட்டினாள். பத்து, இருபது, முப்பது. நாற்பத்தொன்றில்தான் திணறியது. இருபத்தைந்து வந்தாலே போதும். மனசு குதித்தது.

கோப்பை மூடப் போனவளின் கண் முதல் வரியில் நின்றது. அவள் பெயர். போன வருட ஆகஸ்ட் தேதி. முத்திசோவின் வழியைச் சோதிக்க அவளே எழுதிய கோப்பு. இந்த முறை அதைத்தான் நகலெடுத்திருக்கிறாள். அவன் வழியும் பத்தில்தான் அடைத்தது.

வேறு யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் இரண்டு மணிக்கு அவள் வழிதான். சொன்னால் அவனுடையதையும் ஓட்டியாக வேண்டும். தொழிற்சாலைக்குப் போவது ஒரே வழிதான்; அவனுடையது முந்தினாலும் முந்தும். ஆனால் தப்பைப் பண்ணிவிட்டு முழுங்கிக்கொண்டு உட்காருவது கெருபோவுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

"அட, பச்சை," என்றபடி முத்திசோ பொட்டலத்தை வைத்தான்.

"முத்திசோ, உன் பழைய வழி இருக்கா?"

பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் அவன் நிமிர்ந்தான். "அதை அடக்கம் பண்ணி ஒரு வருஷமாச்சே."

"உயிரோட புதைச்சுட்டேன்." போன வருடக் கோப்பைத் திறந்து பெட்டி எண்ணைக் காட்டினாள்.

இரண்டு தடவை படித்தான். "ஒரு பெட்டியா?"

"ஒண்ணுதான். நான்தான் போட்டேன்."

"வருஷம் பூரா ஜாம்னு கூப்பிட்டே."

"கூப்பிட்டேன். மன்னிச்சுக்கோ."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "ஓட்டு," என்றான்.

நாற்பத்தாறு.

இரண்டு மணிக்கு டாக்டர் வாஞ்சாலா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன வருஷம் பத்து, இன்னிக்கு நாப்பத்தாறு. யார் பண்ணின சோதனை இது?"

"ரெண்டு தடவையும் நான்தான், டாக்டர். இந்தத் தடவைதான் சரியா பண்ணியிருக்கேன். முத்திசோவோடதை அனுப்புங்க." குரல் பிசிறவில்லை. டாக்டர் தலையசைத்தார்.

திரும்பி வந்ததும், மேசையில் பிரிக்காமலே இருந்த மந்தாசிப் பொட்டலத்தை முத்திசோ பக்கம் தள்ளினாள். அவன் மூன்றையும் நிதானமாகத் தின்றான். ஒன்றுகூடத் தரவில்லை.